அறுபத்தைந்தாவது அட்டை

ஞாயிறு, காலை 8.10.

பெட்டியைக் காணோம்.

அலமாரிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நீல நிற பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் மட்டும் மிச்சம். டப்பாவுக்குள் அறுபத்து நாலு அட்டைகள். பஸ் டிரைவர், துப்புரவாளர், அலுவலக எழுத்தர், வகுப்பு உதவியாளர் என்று ஹெர்ன் லேக் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் அல்லாத அத்தனை பேரின் வீட்டு நம்பரும் அதில்தான் இருந்தது.

"போச்சு, எல்லாம் போச்சு!" சங்கக் கிளையின் தலைவி க்ளோடெட் தலையில் கை வைத்தாள். "சாயங்காலம் அஞ்சுக்குள்ள ஒருத்தர் விடாம கூப்பிட்டுச் சொல்லணும். எங்க போய் நம்பர் தேடுவேன்?"

நிர்வாகத்தின் கடைசி முடிவு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு க்ளோடெட்டுக்கு வந்திருந்தது. பதினோரு துப்புரவாளர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். சரியா, வேண்டாமா என்று திங்கள் மாலை ஐந்துக்குச் சங்கம் வாக்கெடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முழுதாக ஒரு நாள் முன்னால் வாய்வார்த்தையாகத் தகவல் போய்ச் சேராவிட்டால் வாக்கெடுப்பு செல்லாது. அது செல்லாவிட்டால் நிர்வாகம் சொன்னதுதான் சட்டம். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கலாமே என்றால், ஆறு வருஷத்துக்கு முன் அப்படி ஏற்றிய பட்டியல் நேரே நிர்வாகத்தின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து சூடு கண்ட பூனைகள் இவர்கள்.

"இது அந்த மேலாளர் பெல்க்கியோட வேலைதான்," என்றாள் க்ளோடெட். "நேத்து எட்டு மணிக்கு அவன் காரு இந்தத் தெருவுல நின்னுச்சாம்."

ரித்வா சல்மேலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷமாகப் பள்ளிக்கூடத் தரையைத் துடைக்கிறவள். ஊரில் பாதிப் பேரை முகத்தைவிடப் பாதத்தை வைத்து அதிகம் தெரியும். அட்டைப்பெட்டியும் அவள் பொறுப்பில்தான். அந்தப் பதினோரு பேரில் அவள் பெயர் இருக்கிறதா என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சங்கம் கூடுகிற அந்தப் பழைய பின்லாந்துத் தொழிலாளர் மண்டபம் நீளமானது. மேடைக்குப் பக்கத்தில் வாசல், வாசலை ஒட்டி அலமாரி. மண்டபம் முழுக்க இரண்டு பக்கமும் தரையில் முடுக்கிய பெஞ்சு வரிசைகள், நடுவில் ஒரு நடைபாதை. முந்தின நாள் மாலை ரித்வா பின்சுவரிலிருந்து பாலிஷ் போட்டுக்கொண்டே பின்னால் நடந்து, ஏழரைக்கு வாசல் வழியாக வெளியே வந்திருந்தாள். அது காய ஒரு மணி நேரம் ஆகும்.

காய்வதற்குள் யாரோ நடந்திருக்கிறார்கள். ரித்வா முழங்காலிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.

"காலுறை போட்ட பாதம். பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்காங்க."

"திருடன் மரியாதை தெரிஞ்சவன்கிற."

"பெல்க்கி இல்லைங்கிறேன். பதினஞ்சு வருஷமா என் பள்ளிக்கூடத்துக்கு வர்றான், ஒரு நாளாவது மிதியடியில காலைத் துடைச்சிருப்பானா? அதோட, வாசல்ல தொங்குற குருவிக்கூட்டுக்குள்ள சாவி இருக்குன்னு நம்ம ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

தடங்கள் வாசலிலிருந்து அலமாரிக்கு மூன்று எட்டு. அங்கிருந்து நேரே வெளியே போயிருக்கலாம். போகவில்லை. நடைபாதை வழியே பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்திருந்தன. இரண்டு எட்டுக்கு ஒரு தடவை பாதம் முழுசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. திரும்பி வந்த தடத்திலும் அப்படியே, இடப்பக்கம்தான். வலப்பக்கம் ஒரு தடவைகூட இல்லை.

"பின்னாடி என்ன இருக்கு?" என்றாள் ரித்வா.

"பழைய ஹீட்டர். அதை எவன் திருடுவான்?"

காலை 9.30.

பஸ் நிறுத்தும் மைதானத்தில் டார்சி மக்கே வரிசையாக எஞ்சின்களைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். விடுமுறை முடிந்து மறுநாள் பள்ளி திறக்கிறது. வெளியே மைனஸ் இருபத்தாறு. சங்கத்தில் வாக்கெடுப்பு என்றாலே வீண் வேலை என்று கத்துகிறவன் அவன்; அதனால் க்ளோடெட்டுக்கு அவன்மேலும் சந்தேகம்.

"வந்துட்டாங்கப்பா போலீசு! க்ளோடெட் போன்லயே என்னைத் தூக்குல போட்டாச்சு."

"நேத்து ஏழரையிலிருந்து எட்டரைவரை எங்க இருந்த?"

"கர்லிங் கிளப்புல. டிவியில ஹாக்கி மேட்ச். இருபது பேர் சாட்சி. நாங்க தோத்தோம், அதுக்கும் சாட்சி இருக்கு."

"மத்த டிரைவருங்க?"

"எல்லாரும் அங்கதான். லூசியன் மட்டும் வரலை. அவன் எங்க வர்றான் இப்பல்லாம்? அக்டோபர்ல இடது கண்ணு பார்வை போய் லைசென்ஸைப் பிடுங்கினாங்களே, அன்னைக்கே வீட்டுக்குள்ள போய்ச் சாத்திக்கிட்டான்." டார்சி கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தான். "பனி நாள்ல இப்ப நீதானே கூப்பிடுற எனக்கு? முன்னாடி நீ அவனைக் கூப்பிடுவ, அவன் என்னைக் கூப்பிடுவான். 'தூங்குடா சோம்பேறி, இன்னைக்கு பஸ் இல்ல'ம்பான். நீ என்னடான்னா தந்தி அடிக்கிற மாதிரி ரெண்டு வார்த்தை."

ரித்வாவுக்கு அது சுருக்கென்றது. இருபது வருஷமாகப் பனி கொட்டி பஸ் ஓடாத நாளெல்லாம், அதைச் சொல்வதற்காக, காலை ஐந்துக்கு முன் அவள் பேசுகிற முதல் ஆள் லூசியன்தான். அவள் புருஷன் செத்த வருஷம், அந்த நாளில் அவள் பேசுகிற ஒரே ஆளாகவும் அவன் இருந்ததுண்டு. "எவ்வளவு பனி?" என்று ஆரம்பித்து, அவள் காபி கொதிக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பான்.

டார்சி எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை. எழுந்து பஸ்ஸின் கடைசி இருக்கைவரை நடந்தான். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போய்ப் பின்கண்ணாடியில் 'காலி' அட்டையைத் தொங்கவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஞாயித்துக்கிழமை எவன் பிள்ளைடா உள்ள தூங்குது?"

டார்சி அசடு வழியச் சிரித்தான். "தெரியும். ஆனா பார்க்காம இறங்குனா கால் கேக்காது. தொட்டில் பழக்கம்."

ரித்வா அந்த இடத்திலேயே நின்றாள். குளிரில் கண்ணில் நீர் வந்தது. குளிரால் மட்டும் வந்ததல்ல.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அடுத்த எஞ்சினைக் கிளப்பு போ."

பகல் 12.30.

ஏரிக்கரையில் கடைசி வீடு. அந்தக் குளிரில் ரித்வாவின் கார் கிளம்பவே பகலாகிவிட்டது. ரித்வா தட்டும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது.

"பூட்டலை. வா."

லூசியன் பெசேர் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். சுவரிலிருந்த டெலிபோனை வயரோடு இழுத்து மேஜைமேல் வைத்திருந்தான். பக்கத்தில் நீல டப்பா. ஒளித்து வைக்கக்கூட இல்லை.

"நீதான் வருவேன்னு தெரியும்," என்றான். "எப்படிப் பிடிச்ச?"

ரித்வா பூட்ஸைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"முதல்ல நேரம். பாலிஷ் காய்ஞ்சது எட்டரைக்கு. நிர்வாகத்தோட கடுதாசி வந்தது ஒன்பதுக்கு. எடுத்தவனுக்கு வாக்கெடுப்பு வரப்போறதே தெரியாது. அப்ப அதைக் கெடுக்க எடுக்கலை. க்ளோடெட்டும் அதை யோசிக்கலை, நானும் யோசிக்கலை."

"அப்புறம்?"

"கையில டப்பா இருக்கு, வாசல் பக்கத்துல இருக்கு. ஆனாலும் கடைசி வரிசைவரை போய்ப் பார்த்துட்டுத்தான் வெளிய போயிருக்க. நடுவுல பாதை, ரெண்டு பக்கமும் இருக்கை. எந்தப் பிள்ளையும் தூங்கிப்போய் உள்ள கிடக்கக் கூடாதுன்னு பார்க்கிறவன் பஸ் டிரைவர் மட்டும்தான்."

"டிரைவருங்க நாலு பேர் இருக்காங்களே."

"வலப்பக்கம் பார்க்க உனக்குத் திரும்ப வேண்டாம். இடப்பக்கம் பார்க்க உடம்பையே திருப்பணும். போறப்பவும் இடம், வர்றப்பவும் இடம். உன் இடது கண்ணு இவ்வளவு மோசம்னு தரையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், லூசியன்."

அவன் குனிந்து தன் காலுறையைப் பார்த்தான்.

"காலு ஒட்டினப்பத்தான் பாலிஷ்னு புரிஞ்சுது. உன் வேலையைக் கெடுத்துட்டேன்னு மனசு என்னவோ போல ஆயிடுச்சு."

"எதுக்கு எடுத்த?"

"எடுக்கப் போகலை. பார்க்கப் போனேன். என் அட்டை இருக்கான்னு." மேஜையை விரலால் தேய்த்தான். "டிசம்பர்ல நாலு தடவை பனி கொட்டுச்சு. நாலு தடவையும் நாலே முக்காலுக்கு எழுந்து இங்கதான் உக்காந்தேன். பஸ் இல்லாதவனுக்கு, இன்னைக்கு பஸ் இல்லைன்னு எவ கூப்பிட்டுச் சொல்லுவா? தெரியும். தெரிஞ்சும் உக்காந்தேன். நேத்து பார்த்தா அட்டையும் இல்ல. கோவம் வந்துச்சு. யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியாம நீங்களும் ஒரு நாள் முழிங்கன்னு தூக்கிட்டு வந்துட்டேன். ராத்திரி வெக்கமாப் போச்சு. திருப்பி வைக்கவும் தைரியம் வரலை."

ரித்வா கைப்பையைத் திறந்தாள். பணப்பைக்குப் பின்னாலிருந்து, முனை மடங்கிய ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் கையெழுத்தேதான்: 'லூசியன் பெசேர். ஐந்துக்கு முன் கூப்பிடலாம். முதல் மணியிலேயே எடுப்பான்.'

"வேலையை விட்டவங்க அட்டையை எடுத்துடணும்னு விதி. நான்தான் எடுத்தேன். கிழிச்சுப் போட முடியலை," என்றாள். "அந்த நாலு நாளும் உன் நம்பரைப் பாதிவரை அழுத்திட்டு வெச்சிருக்கேன். என்னன்னு பேசுறதுன்னு தெரியலை. பஸ் இல்லைங்கிறதைத் தவிர இருபது வருஷத்துல நான் உன்னைக் கூப்பிட வேற காரணமே வெச்சுக்கலையே."

லூசியன் அட்டையைத் தொடாமல் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சி, டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மணி ஒண்ணாகப் போகுது. அறுபத்து நாலு பேர். நீ நம்பரைப் படி, நான் அழுத்துறேன்."

ரித்வாவின் கைபேசிக்கு அந்த ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது. ஒரே போன்தான். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம்கூடத் தேறாது. ஆனால் லூசியனா விடுவான்? வாக்கெடுப்பைச் சொல்லிவிட்டு, மகளுக்குக் குழந்தை பிறந்ததா, முட்டி வலி எப்படி, நாய் பிழைத்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டான்.

"ஐயோ, நாயை விடுய்யா! இன்னும் நாப்பது பேர் இருக்காங்க!" என்று ரித்வா மேஜைக்கடியில் உதைத்தாள்.

கடைசி அழைப்பு முடிந்தபோது மணி 4.52.

மாலை 5.40.

மண்டபத்தில் க்ளோடெட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எவன்டி எடுத்தது? பேரைச் சொல்லு, அவன் தோலை உரிக்கிறேன்."

"நான்தான்," என்றாள் ரித்வா.

"என்ன உளர்ற?"

"முதல் அட்டையை அக்டோபர்ல நான் எடுத்தேன். மீதி அறுபத்து நாலும் அதைத் தேடிக்கிட்டுப் போச்சு." லூசியனின் பெயரைச் சொல்லி, காலடிக் கதையையும் சொன்னாள்.

க்ளோடெட் டப்பாவைத் திறந்து எண்ணினாள். அறுபத்தைந்து.

"விதிப்படி இது இருக்கக் கூடாது," என்றாள்.

"நாளைக்கு வாக்கெடுப்புதானே. அதோட இந்த விதியையும் சேர்த்து மாத்திடு."

திங்கள் மாலை அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஐம்பத்தெட்டு பேர் நிர்வாகத்தின் முடிவு வேண்டாம் என்றார்கள். டார்சிகூடக் கை தூக்கினான். குளிருக்குத் தூக்கினேன் என்று பிறகு சொல்லிக்கொண்டான். பதினோரு பேரில் ஒருத்தியான ரித்வாவின் வேலையும் இப்போதைக்குத் தப்பியது.

வியாழன், காலை 4.50.

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு பனி. ரித்வா காபியை அடுப்பில் வைத்துவிட்டு, அந்த நம்பரைக் கடைசிவரை அழுத்தினாள்.

முதல் மணி முடியவில்லை.

"எவ்வளவு பனி?" என்றது குரல்.

"முட்டிவரைக்கும். இன்னைக்கு பஸ் இல்ல, லூசியன்."

"சரி. டார்சியை நான் எழுப்பிடுறேன்."

"எழுப்பு."

காபி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.