ஏழாம் அத்தியாயத்தில் மாறிய அறை

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் படிக்கட்டின் பாதியில் சரோஜாதேவியின் கடை இருக்கிறது. டைப்பிங், பிரிண்ட், போட்டோகொப்பி என்று பலகையில் எழுதியிருக்கும். எழுதாமல் விட்ட வேலை ஒன்றும் உண்டு. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அம்மா அவர். ஊரில் யாருக்காவது விளங்காத சங்கதி ஒன்று நடந்துவிட்டால், கொப்பி எடுக்கிற சாக்கில் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பாதியில் எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள். நட்டம் அவர்களுக்குத்தான்.

கடை ஸ்டூலில் எப்போதும் அழகன் உட்கார்ந்திருப்பான். ஆட்டோ கீழே சும்மா நிற்கும். எந்த வழக்கு வந்தாலும் ஆள் யார் என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவான். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதைப்பற்றி அவனுக்குக் கொஞ்சமும் கவலை கிடையாது.

அந்த வியாழக்கிழமை காலையில் பனி படியேறிக் கடைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து பிரியந்தி வந்தாள். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஓர் அறைக் காம்பரா ஒன்றில் மகளோடு இருக்கிறவள். ஒலிப்புத்தகம் போடுகிற ஒரு கம்பெனிக்கு நாவல் ஒன்றை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வாசிக்க வேண்டிய தாள்களை இந்தக் கடையில்தான் அடித்துக்கொண்டு போவாள்.

"மிஸ், என் ரெக்கோடிங்க யாரோ நல்லாக்கிட்டாங்க," என்றாள்.

அழகன் சிரித்துவிட்டான். "கெடுத்துட்டாங்கன்னுதாம்மா எல்லாரும் வருவாங்க."

"சிரிக்காதீங்கண்ணே. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லாட்டி புத்தகம் கையவிட்டுப் போயிரும்."

சரோஜாதேவி நாற்காலியைக் காட்டினார். "இரும் பிள்ளை. ஆறுதலாச் சொல்லும்."

பிரியந்தி சொன்னாள். இருபது அத்தியாயம். முதல் ஆறையும் அனுப்பியபோது கம்பெனிக்காரர்கள் குரல் நன்றாக இருக்கிறது, அறைதான் எதிரொலிக்கிறது என்றார்கள். ஸ்டூடியோவுக்கா போக முடியும்? மலிவான கொலர் மைக் ஒன்று, போன், அவ்வளவுதான். மெத்தையைத் தூக்கிச் சுவரில் நிறுத்தினாள். கொடியில் சேலைகளைத் தொங்கவிட்டாள். அழகன் எங்கேயோ கேட்டு வாங்கிக் கொடுத்த முட்டை அட்டைகளையும் ஒட்டினாள். இதெல்லாம் முதல் அத்தியாயத்துக்கு முன்பே செய்தது. அப்படியும் எதிரொலி போகவில்லை. ஆனால் ஏழாம் அத்தியாயத்திலிருந்து, ஒன்றையும் மாற்றாமலே, எதிரொலி சுத்தமாகப் போய்விட்டது.

"இப்ப கேக்குறாங்க மிஸ், இது வேற எடமா, இல்ல மெஷின் கொரலான்னு. சொந்தக் கொரல், சொந்த எடம்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். என்னா நடந்துச்சுன்னு எனக்கே தெரியாம எப்புடி வெளக்கம் எழுதுறது? இந்த வேலையும் போச்சுன்னா குவைத்துக்குத்தான். பாஸ்போட் எடுத்து வச்சிருக்கேன். மகளுக்கு ஆறு வயசு மிஸ்."

சரோஜாதேவி இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். போனில் இருந்த ஆறாம் அத்தியாயத்தின் முடிவு ஓடியது. பட்டிப்பொல ஸ்டேஷன். ரயில் போய்விட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் பனிக்குள் தனியாக நிற்கிறாள். அழைத்துப் போக வருவதாகச் சொன்னவரைக் காணவில்லை. வெறும் பானைக்குள் தலையை விட்டுப் பேசினாற்போல் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில், எங்கேயோ தூரத்தில், யாரோ ஒருமுறை இருமினார்கள்.

பிறகு ஏழாவது. குரல் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே. பத்தாவதில் தகரக் கூரையில் மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே இறங்கிப்போகிற பஸ்ஸின் ஹோர்ன் கனவில் கேட்பதுபோலக் கேட்டது. அரை மணித்தியாலம் அப்படியே போயிற்று.

"இதை ஆர் அனுப்பிறது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"வட்டவளை டவுன்ல நிரோஷன் அத்தான். போன்லருந்து எடுத்து அவரோட கம்ப்யூட்டர்லதான் அனுப்புவாரு. சத்தத்தச் சுத்தம்பண்ணித் தரட்டான்னு ஒருநா கேட்டாரு. கம்பெனி கூடாதுன்னு சொல்லியிருக்குன்னு வேணான்னுட்டேன்."

அழகன் ஸ்டூலை விட்டு எழுந்தான். "முடிஞ்சிச்சு மிஸ். ஆள் அவன்தான்."

"பக்கத்து வீட்டிலை ஆர்?" என்றார் சரோஜாதேவி.

பிரியந்தியின் முகம் மாறியது. "அந்தப் பொம்பளையா? சண்முகவடிவு. ரெண்டு வருசமா மொகங்குடுத்துப் பேசுறதில்ல. அவங்க கோழி என் லீக்ஸ் நாத்தெல்லாம் கொத்திருச்சு. முழங்கால் பெசகினதுலருந்து அவங்களுக்கு அரைநாள் வேலதான். மத்தியானத்துக்கு மேல வீட்டுலதான் கெடப்பாங்க."

"நீர் எப்ப பதிவு செய்யிறனீர்?"

"ரெண்டுலருந்து மூணு. எல்லாரும் மலைல இருப்பாங்க. மகளும் கூட்டாளி வீட்டுல வெளையாடப் போயிருவா."

சரோஜாதேவி குடையை எடுத்தார். அழகன் அதற்குள் கீழே போய் ஆட்டோவைத் திருப்பிவிட்டான்.

வட்டவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. மத்தியானக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தெரிந்து, ரோட்டைக் கடந்து, மறுபடி பனிக்குள் மறைந்தார்கள். தலையிலிருந்து முதுகு வரை மழைக்குக் கம்பளியோ தார்ப்பாய்ப் படங்கோ போர்த்தியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கிழிந்த பொலித்தீன் துண்டு ஒன்றைத் தலையில் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தாள். தோள் இரண்டும் தொப்பலாக நனைந்திருந்தன.

"யாரு அது, மழையில இப்புடி வருது?" என்றான் அழகன்.

"அவங்கதான்," என்று சொல்லிவிட்டுப் பிரியந்தி வேறு பக்கம் பார்த்தாள்.

காம்பராவில் எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. மெத்தை, சேலைகள், முட்டை அட்டை. மூலையில் ஒரு முக்காலி, அதன்மேல் தாள்கள், பக்கத்தில் ஒரு டோர்ச். சரோஜாதேவி நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். சத்தம் அங்கேயே அடங்கிப்போயிற்று. தாள்களை எடுத்துப் புரட்டினார். பிறகு டோர்ச்சை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். நிரோஷனுக்குப் போன் போட்டு வரச்சொன்னார்கள். அவன் வந்ததும் வராததுமாக, "நான் ஒண்ணும் பண்ணல," என்றான்.

"தெரியும் தம்பி, இரும்," என்றார் சரோஜாதேவி. அழகனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"நான் காலமை கேட்டது பிள்ளையின்ரை போனிலை கிடந்த பதிவு. உம்மட்டை வர முந்தினது. அதிலையே மாற்றம் இருக்கு. அதோடை, கம்ப்யூட்டரிலை போட்டுச் சத்தத்தை எடுத்திருந்தால் தூறலும் போயிருக்கும். பத்தாவதிலை தூறல் வடிவாக் கேக்குது. போனது ரெண்டே ரெண்டுதான். ஒண்டு எதிரொலி. மற்றது ஒரு இருமல்."

"இருமலா?" என்றாள் பிரியந்தி.

"ஆறாவதின்ரை கடைசியிலை ஒண்டு கிடக்கு. தன்ரை குரலையே கேக்கிறவைக்கு அது தெரியாது. சரி, இதைச் சொல்லும். போன செவ்வாய்க்கிழமை என்னட்டை வந்து, எட்டாம் அத்தியாயத்திலையிருந்து எழுத்தைப் பெருப்பிச்சு அடிச்சுத் தரச்சொன்னீர். ஏன்?"

"ஏழாவது வாசிக்கயில இருட்டா இருந்துச்சு மிஸ். எழுத்தே தெரியல. டோர்ச் வச்சும் கஷ்டம். பனி கூடிப்போச்சுல்ல."

"அழகன், போன திங்கள், செவ்வாய் எப்பிடி?"

"நல்ல வெயில் மிஸ். வெள்ளைக்காரங்க ரயில் படம் எடுக்கணும்னு ரெண்டு நாளும் ஏத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

"வெயில் நாளிலை ஒரு அறை இருட்டாப்போனால் என்ன அர்த்தம்? வெளிச்சம் வந்த வழியை ஆரோ அடைச்சிட்டினம்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. மேலே இரண்டடி திறந்துதான் இருக்கும். ஒரு வீட்டுப் புகையும் சண்டையும் அந்த வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். அது அங்கே இருப்பதே மனிதர்களுக்கு மறந்துவிடும். கூரை ஒழுகினால் ஒழிய யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? சண்முகவடிவின் கூரையில் ஒரு கண்ணாடித் தகரம் உண்டு. பிரியந்தியின் மூலைக்கு இத்தனை நாளும் அந்த வெளிச்சம்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடம் கறுப்பாக இருந்தது.

"உம்மடை குரல் அதாலை அங்காலை போய், வெறும் வீட்டுக்குள்ளை சுத்திப்போட்டுத் திரும்பி வந்தது. நீர் இஞ்சை எத்தினை முட்டை அட்டை ஒட்டினாலும் அது நிக்குமோ?"

அழகன் முட்டை அட்டைகளைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு சமாளித்துக்கொண்டு, "இப்ப வெளங்கிருச்சு மிஸ். ரெண்டு வருசக் கோவம். இவ சத்தமே காதுல விழக்கூடாதுன்னு அடைச்சிருக்கு," என்றான்.

"டோர்ச்சை அடிச்சுப் பாரும்."

அழகன் முக்காலியில் ஏறி வெளிச்சம் அடித்தான். "கம்பளி மிஸ். ரெண்டு கம்பளி. ஓரத்துல சாக்கு வச்சு இறுக்கியிருக்கு."

"கோவத்திலை அடைக்கிறவ சாக்கோடை நிப்பாட்டியிருப்பா. தான் மழைக்குப் போர்க்கிற கம்பளியைக் கொண்டுவந்து வைச்சிட்டு, நனைஞ்சு நனைஞ்சு மலைக்குப் போகமாட்டா."

பிரியந்தி சுவரைப் பார்த்தபடி நின்றாள். ரோட்டில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினாள்.

"அங்காலை ஆள் இருக்கிறா," என்றார் சரோஜாதேவி. "ஆனா நாங்கள் கதைக்கிறது அவவுக்குக் கேளாது. போய்க் கூப்பிடும்."

பிரியந்தி போய்ப் பக்கத்து வாசலில் நின்றாள்.

"அத்தை," என்றாள்.

சண்முகவடிவு ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வாசலில் இத்தனை பேரைப் பார்த்ததும், பிடிபட்டுவிட்ட மாதிரித் துவாயைக் கீழே இறக்கினாள்.

"எதுக்கு அத்தை அடைச்சீங்க?"

"நீ போன்ல அழுதது கேட்டிச்சு," என்றாள் அவள், பிரியந்தியைப் பார்க்காமல். "எதிரொலிக்குதாம், வேல போயிருமாம், குவைத்துக்குப் போறேன்னு அந்தப் பக்கம் யாருக்கோ சொன்ன. எனக்கு வேற இந்த எழவெடுத்த இருமலு, வந்தா நிக்காது. எல்லாம் என்னாலதான்னு நெனைச்சேன். என் மக வெளிநாட்டுக்குப் போயி ஒம்பது வருசம். அது புள்ள அம்மான்னு கூப்புட்டது என்னயத்தான். ஒனக்கும் அப்புடி வரவேணாம்னு ஏணி வச்சு ஏறி அடைச்சேன்."

"பெசகின காலோடயா?"

"பின்ன, கோழியவா ஏத்தச் சொல்ற?"

பிரியந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. "சொல்லியிருக்கலாமே அத்தை."

"நீதான் பேசமாட்டியே," என்றாள் சண்முகவடிவு. குரலில் கோபம் கோபமாகவே இருந்தது.

அதற்குமேல் நடக்க வேண்டியதைச் சரோஜாதேவி பார்த்துக்கொண்டார். நடுச்சுவரையும் கம்பளிகளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுக்கச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதவைத்தார். கம்பளியை எடுத்துவிட்டு ஒரு பந்தி, திரும்ப அடைத்துவிட்டு அதே பந்தி என்று வாசிக்கவைத்து, இரண்டையும் கூட அனுப்பச் சொன்னார். நிரோஷன் அங்கிருந்தே தன் போனில் அனுப்பினான். நாலரை மணிக்குப் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம், அடைத்த அறையிலேயே முதல் ஆறையும் திரும்ப வாசித்து அனுப்புங்கள், மீதி அத்தியாயங்களும் உங்களுக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். பிரியந்தி அதை மூன்று தரம் வாசித்தாள்.

"முட்டை அட்டையக் கழட்டிருவோம்," என்றான் அழகன், தானாகவே. "எனக்குத் தெரிஞ்ச தையல்காரர்கிட்ட வெட்டுத் துணி கெடக்கு. சாக்கு சாக்கா அள்ளிக்கிட்டு வர்றேன். அந்த எடத்துல அத அடைப்போம். அத்தைக்குக் கம்பளி வேணும்ல, மழை காலம்." சரோஜாதேவி அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் சொன்னதில் முதன்முதலாகச் சரியாக வந்தது அதுதான்.

புறப்படுகிற நேரம். பனி லயத்து வாசல் வரை இறங்கிவிட்டிருந்தது. சண்முகவடிவு இன்னும் அங்கேயே நின்றாள். ஏதோ கேட்க வேண்டும்போல் துவாயை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிரியந்தி," என்றாள் கடைசியில். "அடைச்சதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்கல. தெனம் ரெண்டு மணிக்குச் சொவத்துல காத வச்சுப் பாத்தேன், கேக்கல. பட்டிப்பொல ஸ்டேசன்ல அந்தப் புள்ள நின்னுச்சே, கைக்கொழந்தயோட. பனியா வேற இருந்துச்சு. கூட்டிட்டுப் போக யாராச்சும் வந்தாங்களா?"

பிரியந்தி சட்டென்று திரும்பினாள். தன் காம்பராவுக்குள் போய், சின்ன எழுத்தில் அடித்த ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள வாங்க அத்தை. உங்க வீட்டுலதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிய அழகன் சாவியைத் திருப்பி நிறுத்தினான். சரோஜாதேவியைப் பார்த்தான். அவர் ஏற்கனவே சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"கொஞ்சம் பொறு," என்றார். "எனக்கும் தெரியவேணும்."