எட்டாவது ஆணி

பலகையில் ஏழு ஆணிகள்தான் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் எட்டு இருந்தன.

மதகுக்காரர் கண்ணால் ஒருமுறை எண்ணினார். நம்பாமல் விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை எண்ணினார். எட்டாவது ஆணி பலகையின் கீழ்மூலையில் இருந்தது. மற்ற ஏழும் பல பேர் கைபட்டுப் பளபளத்துக் கிடக்க, இது மட்டும் துருவேறி, நுனியில் ஒரு சொட்டு நீரைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. சொட்டு விழுந்தது. உடனே இன்னொன்று ஊறியது. மழை பெய்து நாலு நாள் ஆகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆணியைக் குறடு வைத்துப் பிடுங்கி ஆற்றில் எறிந்தவரே அவர்தான்.

அணைக்குக் கீழே டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரே ஒரு சட்டம். ஆற்றில் இறங்குமுன் பலகையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், கரையேறியதும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆற்றுக்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஏழு வில்லைகளும் வந்து தொங்கினால்தான் ஐந்து மணிக்குச் சங்கு ஊதி, ஷட்டரைத் தூக்கி, கீழே இருக்கும் மின் நிலையத்துக்குத் தண்ணீர் விடலாம். எழுத்துத் தெரியாதவனும் செய்யக்கூடிய வேலை. அதனால்தான் அவர் அந்த வேலையை இருபத்தைந்து வருஷம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது ஆணி வில்லைக்கு இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துண்டுச்சீட்டு குத்திவைக்கும் ஆணி அது. தூண்டில் முனையில் கறுப்பு இறகால் கட்டிய பொய் ஈயைத்தான் இன்று மீன் கவ்வுகிறது, இரண்டாம் மடுவில் பாசி அதிகம், இப்படி ஏதாவது இருக்கும் என்று யாரோ ஒருமுறை சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. யாராவது "என்ன எழுதியிருக்கு பாருங்க" என்றால், "கண்ணாடியை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மீன்பிடி காலத்தின் கடைசி நாளில், ஏழு வில்லைகளும் வெளியே போயிருந்த நேரத்தில் எட்டாவதாக ஒருவர் வந்திருக்கிறார். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வில்லை இல்லை. மதகுக்காரர் அப்போது மேலே ஷட்டர் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் சீட்டு ஒன்று எழுதி எட்டாவது ஆணியில் குத்திவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டார். ஐந்து மணிக்கு ஏழு வில்லைகளும் தொங்கின. சீட்டும் தொங்கியது. மதகுக்காரர் அதை எடுத்தார், முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், பொடிப்பொடியான எழுத்து. பக்கத்தில் பல் டாக்டர் தூண்டிலைப் பிரித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "இதைக் கொஞ்சம் படிங்க டாக்டர்." அவ்வளவுதான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்கினார்.

மூன்றாம் மடுவில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஏற வழியில்லை. ஆற்றோடேயே இரண்டாம் மடு வரைக்கும் நடந்துவந்தால்தான் கரை.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "பலகை நிறைஞ்சிருந்துச்சா?"

"நிறைஞ்சிருந்துச்சு ஐயா."

பொய் இல்லை. செத்தவர்மேல்தான் தப்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் கடிகாரக்காரர் மனைவி அதற்கப்புறமும் ஒருநாள் வந்தாள். மதகு அறை வாசலில் நின்று, உள்ளே வராமல் கேட்டாள். "ஒரு சீட்டாவது வச்சிருப்பாரேங்க. பால் வாங்கப் போனாக்கூட எத்தனை மணிக்கு வருவேன்னு எழுதி வச்சுட்டுப் போற மனுஷன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

அப்போது அது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் எழுத்துப் படித்தார், மனைவியிடம். "இந்த வயசுல படிச்சு எந்த உத்தியோகத்துக்குப் போகப்போறீங்க?" என்று அவள் சிரித்தாள். அவர் எழுதிய ஞ-வைப் பார்த்து, "என்னங்க இது, எழுத்தா, தூண்டில் புழுவா?" என்றாள். பேப்பர் படிக்கணும் என்று சொல்லிவைத்தார். ஏழு மாதம் கழித்து ஒருநாள் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். *மூன்றாம் மடுவில் நிற்கிறேன். ஐந்தேகாலுக்கு ஏறிவிடுவேன். தயவுசெய்து அதன்பிறகு தண்ணீர் விடவும்.*

கால் மணி நேரம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்.

இன்றைக்கும் மீன்பிடி காலத்தின் கடைசி நாள். ஏழு வில்லைகளும் வெளியே போயிருந்தன. ஏழு ஆணிகள் காலி. எட்டாவதும் காலி.

அவர் மதகுப் பாலத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மூடுபனி ஆற்றின்மேல் துணி காயப்போட்டதுபோல் படிந்திருந்தது, அதன் கிழிசல்களில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. முதல் மடுவில் நாலு பேர், இரண்டாம் மடுவில் மூன்று பேர். தூண்டில் நூல் காற்றில் சுழலும் சன்னமான விர்ர் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அதற்கும் அப்பால், பாறைகள் நெருங்கும் இடத்தில், இடுப்பளவு நீரில் எட்டாவதாக ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் கை போய்ப் போய் வந்தது. அங்கிருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

மணி நாலேகால். நெட்டையன் இன்னும் வரவில்லை. ஒரு மாதமாக ஐந்து மணித் தண்ணீரை விடுவது அவன்தான். நாலரைக்கு வந்து மாற்றிக்கொள்வான். நல்ல பையன், நாற்பது வயசுக்குச் சின்னப்பையன் மாதிரி பேச்சு. வந்த முதல் வாரம் சுவரில் புதிதாக ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை மறந்துட்டேண்ணே, நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க" என்றான். மதகுக்காரர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். படித்துச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பான். அதற்கு என்ன பதில் சொல்வது?

அதை அன்றே மனசில் மூடிவைத்துவிட்டார். மூடிவைத்த இடமே மறந்துவிட்டது.

இப்போது அவருக்கு ஒரே நினைப்புதான். இந்தத் தடவை போய்க் கூப்பிட்டுவிட வேண்டும். யாராக இருந்தாலும் சரி. கூப்பிட்டுக் கரையேற்றிவிட வேண்டும். தனக்கென்று வில்லை இல்லாததால் தாளைக் கிழித்து, மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். *நான் மூன்றாம் மடுவுக்குப் போகிறேன். நான் வரும்வரை தண்ணீர் விடாதே.* எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எட்டாவது ஆணியில் குத்தினார். ஆணி பனிக்கட்டிபோல் சில்லென்றிருந்தது.

வழுக்குப் பாதையில் இறங்கும்போது எதிரே பல் டாக்டர் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையோடு, கால்களை அகட்டி அகட்டி ஏறிவந்தார். பின்னால் மற்ற ஆறு பேரும்.

"என்ன பெரியவரே, எங்களைப் புடிக்க வர்றீங்களா? ஒரு மீனும் கவ்வலை, கவலைப்படாதீங்க."

"மூணாம் மடுவுல நிக்கறது யாரு டாக்டர்?"

"மூணாம் மடுவா?" டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "அந்த விஷயத்துக்கப்புறம் அங்க யாரு போறா? நாங்க ஏழு பேருதான். எல்லாரும் ஏறியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மீனெல்லாம் இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தார். டிரவுட் மீன் எப்போதும் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நிற்கும், ஓட்டத்தை எதிர்த்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு, அடித்துவரும் பூச்சிக்காக வாயைத் திறந்துகொண்டு. இருபத்தைந்து வருஷத்தில் வேறு மாதிரி அவர் கண்டதில்லை. முதல் மடுவில் தெளிந்த நீருக்கடியில் முப்பது நாற்பது மீன்கள் நின்றன. எல்லாம் கீழ்ப்பக்கம் பார்த்து நின்றன. ஓட்டம் பின்னாலிருந்து தள்ள, செவுள் விரிய, ஒன்றுகூட அசையாமல். மூன்றாம் மடுவைப் பார்த்து.

இரண்டாம் மடுவிலும் அப்படியே.

அதைத் தாண்டியதும் கரை முடிந்தது. செருப்பைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். குளிர் எலும்பில் ஏறியது. பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. பனிக்குள் பாசி வாடை, மீன் வாடை, அதோடு இன்னொரு வாடை. மெல்லிய எண்ணெய் வாடை. சக்கரத்துக்குப் போடும் மசகு இல்லை. கடிகாரத்துக்கு ஊசிமுனையில் தொட்டு வைப்பார்களே, அந்த எண்ணெய்.

"ஐயா!"

முதுகு திரும்பவில்லை. கை போய்ப் போய் வந்தது. நூல் காற்றில் வளைந்தது, சத்தமில்லாமல்.

"ஐயா, நேரமாச்சு. ஏறிடுங்க."

தண்ணீர் தொடையளவு. இடுப்பளவு. கையெட்டும் தூரம். ஆறு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"சீட்டைப் பார்த்தேங்க. கையில எடுத்துப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு. உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும்..." ஈரக் கையால் முகத்தைத் துடைத்தார். "அவங்ககிட்டயும் இல்லன்னுட்டேன்."

கை நின்றது.

கடிகாரக்காரர் தூண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கைச் சட்டையை மெதுவாக மேலே ஏற்றி, மணி பார்த்தார். கடிகாரக் கண்ணாடிக்குள் பாதி அளவுக்குத் தண்ணீர் நின்றது. முள் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாக இரண்டு நிமிஷம்.

அப்போதுதான்.

மூடிவைத்தது திறந்துகொண்டது. கண்ணாடியை மறந்துட்டேண்ணே.

திரும்பிப் பார்த்தார். பனி ஒரு கணம் விலகியது. தூரத்தில், மேலே, மதகு அறை வாசல் விளக்கு எரிந்தது. அதன் கீழே நெட்டையன். பலகை நிறைந்திருக்கும், ஏழு வில்லைகளும் வந்திருக்கும். அவன் கையில் வெள்ளையாக ஏதோ. முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறான். தள்ளி வைத்துப் பார்க்கிறான். சுற்றுமுற்றும் பார்க்கிறான், கேட்க ஆள் இருக்கிறதா என்று இல்லை, யாராவது பார்த்துவிட்டார்களா என்று.

"டேய்! விடாதடா! தம்பி!"

குரல் பாறையில் முட்டி அவரிடமே திரும்பி வந்தது.

நெட்டையன் தாளை மடித்தான். இரண்டாக. நாலாக. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பனி மூடியது.

சங்கு ஊதியது.

காலுக்கடியில் மீன்கள் அசைந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். தலையைத் திருப்பின. இப்போது எல்லாம் மேலே பார்த்து நின்றன, அணையைப் பார்த்து, வாயைத் திறந்துகொண்டு.

இரண்டாவது சங்கு.

ஓட வேண்டும். கரை கால் மணி நேரத் தூரம். அவருக்குத் தெரியும். அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

மூன்றாவது சங்கு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு, வெகு தூரத்தில், அவர் தினமும் மேலிருந்தே கேட்ட அந்தச் சத்தம்.

கடிகாரக்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். முகத்தைத் திருப்பவே இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு உட்கார இடம் விடுவதுபோல், ஒரு அடி தள்ளி நின்றார்.