கடைசிக் குழலின் வாய்

இருமியது மகள் ஊர்சல் இல்லை, ஆர்கன்.

ஆக்ஸ்பர்க் நகரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பட்டறையெங்கும் கொதித்த பசை வாடை; கூரையிலிருந்து பனி சரியும் சத்தம். குழல் வாத்தியமான அந்த ஆர்கனின் முதுகுப்புறம் நின்று, அதற்குக் காற்றூட்டும் இரண்டு துருத்திகளின் தோல்வார்களை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள் சிபில்லா. சுருதி பார்த்து முடித்த கணவன் ஃபைட், அதை வாங்கிய பிரபுவின் ஆட்களை அழைத்துவரக் கீழே போய்விட்டான். பழக்கத்தில் அவள் கை மட்டும் நிற்கவில்லை. கட்டையில் யாரும் விரல் வைக்காமலே அந்தக் கமறல் மறுபடி கேட்டது. பயந்துபோய் வாரை விட்டாள்.

இருமல் நின்றது. பக்கத்து அறையில் காய்ச்சலோடு கிடந்த மகளின் மூச்சும் நின்றது.

ஓடினாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. உலுக்கினாள், முதுகில் தட்டினாள். ஒன்றும் இல்லை. என்ன தோன்றியதோ, திரும்பி வந்து வாரை இழுத்தாள். அங்கே குழந்தை மூச்சு வாங்கியது.

குழல்களின் வாயைச் சுற்றி முகம் வரைவது அவர்கள் தொழிலில் உண்டு. ஊரில் இல்லாத முகம்தான் வரைவார்கள்: கோமாளி, சிங்கம், கொம்பு வைத்த பேய். நேற்றுக் கடைசிக் குழலுக்கு எந்த முகமும் அகப்படாமல், தூங்கிக்கொண்டிருந்த ஊர்சலையே வரைந்து, உதட்டில் தங்க ரேக்கு ஒட்டினான் ஃபைட். பிரபு வீட்டில் நம் பிள்ளை பாடட்டுமே என்றான். பாவி, சிபில்லாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கூப்பிடலாம். யாரை? ஒரு கையை விட முடியாது. ஒரு நொடி கூட.

படியில் காலடிச் சத்தம்; ஃபைட்டும் சுமைகாரர்களும். துருத்தியைத் தனியாகக் கழற்றித்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

"விடு சிபில்லா, வண்டி நிக்குது."

"கழட்டாதீங்க. புள்ளையோட மூச்சு இதுலதாங்க இருக்கு."

"காய்ச்சல் அவளுக்கா, உனக்கா?"

சுமைகாரர்கள் சிரித்தார்கள். ஃபைட் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், நோகாமல்தான். துருத்தி இறங்கியது. கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஆர்கன் பெட்டியைத் தூக்கினார்கள். அவள் உள்ளறைக்கு ஓடத் திரும்பினாள்.

உள்ளறை வாசலில் ஊர்சல் வந்து நின்றாள். வெறுங்கால். வாய் திறந்தபடி. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. உதட்டைச் சுற்றித் தங்க ரேக்கு மின்னியது.

துருத்தி இல்லாத அந்தப் பெட்டி, படியிறங்கிப் போகப் போக, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே போயிற்று.