ஏணி கீறிய தட்டு

எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. தட்டுகளின் முதுகில் மட்டும் ஒரு பொட்டு இல்லை.

கதவருகே நின்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான கூடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு வரிசை மேசைகள், இருபுறமும் பெஞ்சுகள், ஆளுக்கொரு அலுமினியத் தட்டு. எல்லாம் குப்புறக் கவிழ்ந்து, காலையில்தான் யாரோ கழுவித் துடைத்துவைத்ததுபோல் மின்னின. கூரைத் தகரம் உச்சி வெயிலில் விரிந்து டொக் டொக்கென்று சத்தமிட்டது. பழைய எண்ணெய்ச் சிக்கு, எலிப்புழுக்கை, அதற்கும் அடியில் நாக்கில் இரும்பை வைத்ததுபோல் ஒரு வாடை. பரிமாறும் மேடையில் ஒரு மரக்கட்டை, அதில் பாதி இறங்கி நின்ற இறைச்சிக் கத்தி. பிடியைக் கறையான் தின்றிருந்தது. வெட்டும் ஓரத்தில் துரு இல்லை.

"மேடம், உள்ள பாம்பு கீம்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் அப்படியே வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடறேன்," என்றார் பின்னால் வந்த ஜீப் டிரைவர்.

"உங்களை முதல்ல உள்ள அனுப்பியிருக்கணும்ணே. வயித்தைப் பாத்தே பாம்பு ஓடியிருக்கும்."

"சொல்லுங்க, சொல்லுங்க. இது நானே வளர்த்த வயிறு. யார்கிட்டயும் கடன் வாங்கினதில்ல."

அவள் சிரிக்க முயன்றாள்.

மலையைக் குடைந்து சுரங்கம் போட வந்தவர்களின் முகாம் இது. நாளைக்கு இடிக்கப்போகிறார்கள். அதற்கு முன் ஒரு சர்வேயர் வந்து அளந்து, 'உள்ளே ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசில் ஒருத்தனும் இந்தக் காட்டுக்கு வரத் தயாரில்லை. அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவளுடைய அப்பா இங்கே பாறை உடைத்தார். ஒரு மாதம், யாரையாவது பிடித்து எழுதி அனுப்பும் கடிதாசியும் இல்லை, ஆளும் இல்லை. கம்பெனிக்காரன் ஒருத்தன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "உங்க ஆளு ஓடிட்டாரும்மா" என்றான். யாரோடு, எந்த ஊருக்கு என்கிற மீதிக் கதையைத் தெருவே எழுதிக்கொண்டது. அம்மா அதைத் தினமும் கேட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போய்வந்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தை: உயிருடன் / காலமானார்' என்ற இடத்தில் மகளின் பேனா நின்றபோது, "ரெண்டுல ஒண்ணை அடிச்சிட்டு நகரும்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றான் குமாஸ்தா. அந்த வீட்டில் அப்படியொரு தாளைப் பூர்த்தி செய்த முதல் ஆள் அவள். அந்த ஓர் இடத்தை மட்டும் அவளால் இன்றுவரை பூர்த்தி செய்ய முடியவில்லை.

இன்றைக்கு அதை முடித்துவிட வேண்டும். அப்பாவின் தட்டு இங்கே இருந்தால் அவர் ஓடவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. எங்கே போனாலும் கையோடு கொண்டுபோகும் தன் தட்டின் உட்புறத்தில் ஆணியால் ஓர் ஏணி கீறியிருந்தார். மூன்று படி. "கீழ நானு, நடுவுல உங்கம்மா, மேல் படியில நீ." ஏதோ ஒரு வெடி இரண்டு விரலைக் கொண்டுபோயிருந்தது. வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரலால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத்தான் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனார். நழுவிவிடுவாளோ என்று பயந்து, தேவைக்கு மேல் இறுக்கினார்.

தட்டைக் கவிழ்ப்பது இந்த முகாமின் வழக்கம். கேட்டது கிடைக்கவில்லையென்றால் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முடிவு தெரியும்வரை ஒருத்தரும் நிமிர்த்தக் கூடாது. அம்மாவோடு சண்டையென்றால் அப்பா வீட்டிலும் கவிழ்ப்பார். சமாதானம் செய்ய நீண்ட சின்னக் கையைத் தடுப்பார். "கவுத்த தட்டைத் தொடக்கூடாது கண்ணு. எவன் தொட்டாலும் அந்தக் கை எங்களுக்கு." உள்ளங்கையின் ஓரத்தால் அவளுடைய மணிக்கட்டில் ஒரு வெட்டு. அப்புறம் சிரிப்பு.

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். வெளிப்புறம் மூன்று தாழ்ப்பாள், குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். கழற்றவே அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னல்களில் வெளியிலிருந்து தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். காலிக் கட்டடத்துக்கு எதற்கு இத்தனை பூட்டு? டார்ச்சைக் கதவின் உட்புறம் திருப்பினாள். நகக்கீறல்கள். ஆள் உயரத்தில் ஆழமாகத் தொடங்கி, இறங்க இறங்க மெலிந்து, தரையோரத்தில் வெறும் தடவலாக முடிந்திருந்தன.

சாப்பிட மாட்டீங்களா? அப்போ உள்ளேயே கிடங்க.

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கதவைப் பார்த்தாலே கேட்டது.

கோபத்தோடு உள்ளே போனாள். முதல் மேசையில் முதல் தட்டை நிமிர்த்தினாள். உள்ளே ஒரு மீன் கீறியிருந்தது.

எங்கோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

எலியாக இருக்கும். இருந்தாலும் தட்டைப் பழையபடி கவிழ்த்துவைத்தாள். அடுத்தது, பிறை. கிறீச். கவிழ்த்தாள். அடுத்தது, ஒரு பூட்டு. இந்த முறை சத்தம் பக்கத்திலேயே கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தாள். எதிர்ப் பெஞ்சின் தூசியில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்குச் சுத்தமாக இருந்தது. வரும்போது அது இருந்ததா? நினைவில்லை.

பார்த்தாள், கவிழ்த்தாள். பார்த்தாள், கவிழ்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறீச். பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிட்டால் தொட்டதாகாது என்று சின்னப் பிள்ளைபோல் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் வரிசை முடிய ஒரே ஒரு தட்டு மிச்சமிருந்தபோது, காகிதம் பிரிக்கும் சத்தம்.

டிரைவர் நடுமேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டு, நிமிர்ந்து. அதில் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! அதைக் கவுத்திடுங்க."

"மணி ரெண்டாச்சு மேடம். நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள நான் அரை ஆளாயிடுவேன்."

"விளையாடாதீங்க. தட்டைக் கவுங்க!"

"காலித் தட்டுதானே. இவனுங்களா வந்து கேக்கப்போறானுங்க?"

கையில் அள்ளினார்.

மேசை அதிர்ந்தது. ஒரு தட்டல். உள்ளங்கையால் மரத்தில் அடிக்கும் சத்தம். பக்கத்து மேசையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. பிறகு கூடம் முழுக்க, ஒரே தாளத்தில், தட்டுகளெல்லாம் துள்ளித் துள்ளி விழ, தூசி புகைபோல் எழும்ப, நூறு கைகள். கதவு அறைந்து மூடியது. அவள் பரிமாறும் மேடையைப் பார்த்தாள்.

கட்டை இருந்தது. கத்தி இல்லை.

"மேடம், யாரோ என் கையைப்..."

ஒரே வெட்டு. விறகு பிளக்கும் சத்தம்.

டிரைவர் தன் கையைப் பார்த்தார். அது தட்டில் இருந்தது. விரல்கள் இன்னும் சாப்பாட்டை மூடிப் பிடித்திருந்தன. ஒரு கணம் அவர் முகத்தில் வலிகூட இல்லை, குழப்பம்தான் இருந்தது. அதன் பிறகுதான் ரத்தம் மேசையைத் தாண்டிப் பாய்ந்தது. அதன் பிறகுதான் அவர் அலறினார்.

அவள் ஓடினாள். யோசிக்கவில்லை. கையோடு, சாப்பாட்டோடு, தட்டைப் பிடித்துக் கவிழ்த்தாள்.

சத்தம் நின்றது.

கதவு ஒரு முழம் திறந்தது. வெயில் கோடாக விழுந்தது.

அவருடைய பெல்ட்டை உருவி முழங்கைக்குக் கீழே இறுக்கினாள். பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் உப்பு. தூக்கி நிறுத்தினாள், தள்ளினாள், அவர் சுவரில் மோதி, கதவில் மோதி, வெளியே முழங்காலில் விழுந்தார்.

"வா... வந்திடும்மா..." 'மேடம்' என்ற சொல் போய்விட்டிருந்தது. "என் தாயே, வந்திடு!"

அவள் ஒரு காலை வாசலில் வைத்திருந்தாள். வெளியே ஜீப் நின்றது. சாவி அதிலேயே தொங்கியது.

கடைசி மேசை. ஓரத்தில் ஒரே ஒரு தட்டு. மற்றதையெல்லாம் பார்த்துவிட்டாள்.

நாளைக்கு இயந்திரம் வந்துவிடும். நசுக்கிவிட்டுப் போய்விடும். அம்மா மறுபடியும் தண்ணீர்க் குழாய்க்குப் போவாள். தெரு மறுபடியும் அந்தக் கதையைப் பேசும்.

"ஒரு நிமிஷம்ணே."

"பைத்தியமா உனக்கு? வா!"

கவிழ்த்தால் விட்டுவிடுகிறார்கள். பார்த்தாளே. ஒரு நொடி. பார்த்ததும் கவிழ்த்துவிட வேண்டும்.

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். காலடியில் ரத்தம் ஒட்டியது. இரண்டு பக்கமும் யாரோ ஒதுங்கி வழிவிடுவதுபோல் இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. வாடை மட்டும். இரும்பு. பசித்த வயிற்றின் வாடை.

தட்டு குளிர்ந்திருந்தது. நிமிர்த்தினாள்.

ஏணி. மூன்று படி.

"ஓடலம்மா," என்றாள் சத்தமாக. அம்மா பக்கத்தில் நிற்பதுபோல். "அப்பா எங்கயும் ஓடல. கவுத்த தட்டைக் கடைசிவரைக்கும் நிமித்தல."

சொன்ன பிறகுதான் தட்டைப் பார்த்தாள். அது நிமிர்ந்திருந்தது. நிமிர்த்தியது அவளுடைய கை.

கவிழ்க்கப் போனாள்.

மணிக்கட்டில் ஒரு பிடி.

குளிர்ந்த பிடி. எலும்பு தெரிகிற பிடி. ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குமேல் விரல் இல்லை.

"அப்பா."

பிடி தளரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போன அதே பிடி. தேவைக்கு மேல் இறுக்கம். அது அவளுடைய கையை மெல்ல, வலிக்காமல், மேசைமேல் நீட்டி வைத்தது. உள்ளங்கை மேலாக.

"அப்பா, நான்தான்ப்பா."

பின்னால் ஓர் உள்ளங்கை மரத்தில் அடித்தது. இன்னொன்று. இன்னொன்று. கதவு மூடியது. டிரைவரின் குரல் அதற்கு வெளியே போனது.

டார்ச் உருண்டு, தட்டின் பக்கம் திரும்பி நின்றது. வெளிச்சத்தில் ஏணி பளிச்சென்று தெரிந்தது.

மேல் படியில் கத்தியின் நிழல் விழுந்தது.