பன்னிரண்டாம் வீட்டுக் காற்று

கோத்தகிரியில் வருடத்துக்கு எட்டு மாதம் உறைபனி விழத் தொடங்கிய பிறகு, ஜன்னல் திறக்கும் வழக்கமே போய்விட்டது. வீட்டுக்குச் சூடும் மூச்சுக்குக் காற்றும் தருவது ஒரே இயந்திரம், ஈரவெப்பி. அது எரிவாயுவை எரித்து, புகையைக் குளிரவைத்து, அதன் ஈரத்தில் ஒளிந்திருக்கும் சூட்டையும் பிழிந்துகொள்ளும். மிஞ்சும் புகைக்கு மேலே எழும்பத் தெம்பிருக்காது. வெள்ளையாகத் தரையோடு இறங்கும்.

புகை போகவும் காற்று வரவும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், சுவரில் ஒரே துளை. விதி அதுதான். ஆனால் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் பதினொரு வீட்டுக்காரர்கள் கைபேசியில் வாஸ்துச் செயலியை நீட்டினார்கள். நெருப்பு தென்கிழக்கு அக்னி மூலையில் வெளியேற வேண்டும், காற்று வடமேற்கு வாயு மூலையில் நுழைய வேண்டும். பொருத்துநர் நல்லசிவம் குழாய்களைப் பிரித்துக் கொடுத்தார். வீடுகள் தென்கிழக்குச் சரிவில் படிப்படியாக இறங்கின. ஒவ்வொரு வீட்டின் புகைவாயும் அடுத்த வீட்டின் காற்றுவாய்க்கு நேர் மேலே வந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மனிதர் பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் கீழே, பன்னிரண்டாம் வீட்டு மெஹருன்னிசா வாஸ்து எதுவும் கேட்கவில்லை.

"எனக்கு எதுக்கு தம்பி ரெண்டு ஓட்டை?"

"வரிசையா ஒரே மாதிரி இருக்கட்டும்மா."

மேல்வீட்டுப் புகையைக் கீழ்வீட்டு வெப்பி குடித்தது. கீழே இறங்க இறங்க ஆக்சிஜன் குறைந்து, எரிவதும் அரைகுறையானது. சேர்ந்த கார்பன் மோனாக்சைடு அத்தனையும் பன்னிரண்டாம் வீட்டு அறைகளுக்குள் போனது. மூன்றாம் பனிக்காலத்தில் மெஹருன்னிசா சமையலறையில் மயங்கிக் கிடந்தார்.

நல்லசிவம் சங்கச் செயலாளர் தண்டபாணியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே நிமிர்ந்து நிற்கவே அவருக்குக் கூசியது.

"உங்க வீட்டுக் குழாயை மாத்திடறோம்மா" என்றார் தண்டபாணி. "மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே. அது அப்படியே இருக்கட்டும்."

மெஹருன்னிசா விரலை மடக்கி வீடுகளை எண்ணினார்.

"என்னோடதை மாத்திட்டா, அடுத்த கடைசி பதினொண்ணு. அங்க யாரு இருக்கா?"

"நான்தாங்க" என்று சிரித்த தண்டபாணியின் சிரிப்பு பாதியில் நின்றது. "சிவம், அப்ப என்னோடதையும் சேர்த்து மாத்திருங்க. இன்னிக்கே."

"அப்புறம் பத்து" என்றார் மெஹருன்னிசா. பிறகு நல்லசிவத்தைப் பார்த்தார். "இது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானே, தம்பி?"

"தெரியும்மா."

அவமானத்தில் நல்லசிவத்தின் காது சுட்டது. பன்னிரண்டையும் கழற்றி விதிப்படி மாட்ட வேண்டும், அதுவரை எரிவாயுவை நிறுத்த வேண்டும், சான்றிதழ் பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமம் போகும். போகட்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

தண்டபாணி அவர் காதருகே குனிந்தார்.

"பத்தாம் வீட்டுக்காரர்ட்ட இப்பச் சொல்லிராதீங்க. எங்க ரெண்டு வீட்டு வேலையும் முடியட்டும். உங்க உரிமத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

சரி என்று சொல்ல நல்லசிவத்தின் வாய் திறந்தேவிட்டது. மெஹருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.