கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வா

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. உப்பு அம்பாரங்களுக்குப் பனையோலை போர்த்தியிருந்தார்கள். அந்த ஊர்மேல் எனக்குக் கோபம். அதைவிட என் புருஷன் தமீம் அன்சாரிமேல் கோபம்.

எங்கள் மகள் ஜெயினம்பு டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததுமே கிளியனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது வந்தது அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்துப்போக. என் பிள்ளையின் வாசனை அதில்தான் மிச்சம் இருந்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை. பொம்மை அறையில் அவர் இருப்பது தெரிந்தது.

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் பழைய கடைகளில் அவர் தேடித் தேடி வாங்கிய பொம்மைகள் அவை. கை கால் மடங்கும் சிப்பாய்கள், விண்வெளி வீரர்கள், முகமூடிச் சண்டைக்காரர்கள். சிலதை அட்டைப்பெட்டியின் டேப்பைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார். ஆனால் உப்புக்காற்று யாரைக் கேட்டு வருகிறது? வெள்ளை உடம்புகள் மஞ்சளடித்தன. திருகாணிகள் துருப்பிடித்தன. மூட்டு தளர்ந்து, தூக்கிவிட்ட கை அடுத்த நொடியே தொங்கிவிடும். பழைய பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் கசிந்து தொட்டால் பிசுபிசுக்கும். ஈரத்தை இழுக்கட்டும் என்று உப்பளத்து உப்பையே மூட்டை கட்டி அலமாரிக்குள் வைத்தார். மழைக்காலத்தில் அந்த உப்பே கசிந்து தண்ணீராய் ஓடியது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"கையத் தூக்கிக்கிட்டு உள்ள வா."

ஜெயினம்பு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டுதான் நுழைவாள். தோள் வலிக்க வலிக்க நின்று பார்ப்பாள்.

"அத்தா, ஒண்ணே ஒண்ண தொட்டுக்கட்டா?"

"பெரியவளானதும் தொடலாம்."

என் பிள்ளை பெரியவளாகவே இல்லை.

வாசற்படியிலேயே அவளுடைய பவுடர் வாசனை முகத்தில் அடித்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு சிப்பாயின் முதுகில் பவுடர் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளுடைய ரோஸ் டப்பா கவிழ்ந்து கிடந்தது.

"அது யாரோட டப்பா?"

"பிசுபிசுப்பு போகணும்னா பவுடர்தான் போடணும் ஷமா. கடைக்குப் போய் வாங்கத் தோணல."

டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். ஒன்றுமே இல்லை.

"தொடவே விடல. இப்ப அவ பவுடரையும் இதுங்களுக்குக் கொட்டிட்டீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் கரண்ட் போனது. வெளியே மறுபடி மேகம் கூடி, பகல் அறைக்குள் மங்கிப்போனது.

டிக்.

அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

டிக். டிக்.

பிளாஸ்டிக் மூட்டு திரும்பும் சத்தம்.

ஒரு விண்வெளி வீரனின் கை மெல்ல மேலே போனது. அப்புறம் பக்கத்துச் சிப்பாயின் கை. டேப் பிரிக்காத பெட்டிக்குள்ளும், கண்ணாடித்தாளுக்குப் பின்னால், இரண்டு கைகள் உயர்ந்தன. ஒரு நொடிகூட நிற்காத கைகள் எல்லாம் தலைக்குமேல் விறைத்து நின்றன.

அலமாரிக் கண்ணாடியில் சிறுவிரல் தடம் ஒன்றுகூட இல்லை. சொன்ன பேச்சை இன்னும் கேட்கிறாள் என் மகள்.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் வாரிப் போட்டேன். பெட்டிகளைக் கிழித்தேன்.

"தொடும்மா. எல்லாம் உனக்குத்தான். கைய இறக்கு."

சட்டென்று எல்லாக் கைகளும் தொங்கின. ஒரு சிப்பாய் மட்டும் தரையில் உரசியபடி சுவரோரம் நகர்ந்தான்.

"ஷமா..."

திரும்பினேன். அவருடைய இரண்டு கைகளும் தலைக்குமேல் இருந்தன. முழங்கை நடுங்கியது. சட்டைக் கையெல்லாம் பவுடர்.

"கை எறங்கல ஷமா. தோள் பிச்சிக்கிது. போதும்னு அவகிட்ட சொல்லு. நீ சொன்னா கேப்பா."

கேட்பாள். எனக்குத் தெரியும்.

காலி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அவ பெரியவளானதும் எறக்கலாம்."

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே டிக், டிக் என்று ஒரு பொம்மை நடக்கத் தொடங்கியது. யாரோ வாயாலேயே அதற்குத் துப்பாக்கிச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.