விமானத்தின் வயிற்றடியில் தொலைந்த மோதிரம்

"அம்மா, மோதிரத்தைக் காணோம்."

பகல் 11.45. டூசான் நகருக்கு வெளியே, பாலைவனத்தில் இருக்கும் போர்விமான அருங்காட்சியகம். அங்கே ஒரு பெரிய கொட்டகைக்குள், கிழட்டுக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வயிற்றடியில் நின்றுகொண்டு கோல்பி இதைச் சொன்னபோது, வெர்னாவுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. பின்னே? மாலை ஆறு மணிக்குப் பிஸ்பீயில் இந்தப் பிள்ளைக்கும் டெல்ஃபினாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளையைப் பெற்ற மகராசனோ, வழியில் பறக்காத விமானம் எதைக் கண்டாலும் காரை நிறுத்திவிடுகிறார். நேற்றிலிருந்து இது மூன்றாவது அருங்காட்சியகம்.

காலையில் காரை விட்டு இறங்கும்போதே, "அரை மணி நேரம்தான் வெர்னா, சத்தியமா!" என்றார் அவள் கணவர் டுவைட். சொல்லிக்கொண்டே தரையில் கிடந்த சோடா மூடியைக் குனிந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விமானப்படையில் இருபது வருஷத்துக்கு மேல் ஜெட் விமானங்களைப் பழுதுபார்த்தவர். வெர்னா காவல் துறையில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"யாரும் நகரக் கூடாது," என்றாள் வெர்னா. "கோல்பி, கடைசியா எப்போ பார்த்தே?"

"கொட்டகைக்குள்ள நுழையும்போது தொட்டுப் பார்த்தேன். சட்டைப் பைலதான் இருந்துச்சு."

"பெட்டியோடவா?"

"பெட்டி பைக்குள்ள நுழையலம்மா. டிஷ்யூ தாள்ல சுத்தி வெச்சிருந்தேன். இங்க குனிஞ்சப்போ பையிலேர்ந்து கண்ணாடிய எடுத்து மாட்டினேன். அப்போ விழுந்திருக்கும்." பையன் சட்டைப் பையை மறுபடியும் தட்டிப் பார்த்தான். "அது டெல்ஃபினாவோட அம்மா போட்டிருந்த மோதிரம். அவங்க ஞாபகமா அவகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அளவு மாத்தித் தரேன்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன். நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். சிமென்ட் தரை துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. மோதிரமும் இல்லை, ஒரு தூசு தும்பும் இல்லை.

கொட்டகையில் அவர்களைத் தவிர இருந்தது ஒரே ஒருவர்தான். விமானங்களைப் பற்றி விளக்கிச் சொல்லும் தொண்டர் எல்ராய், எழுபதைத் தாண்டிய முன்னாள் விமானப்படைக்காரர். அரை மணி நேரமாக டுவைட்டும் அவரும் கட்டிப்பிடிக்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிநேகம் ஒரு நொடியில் ஆவியானது. "நாங்க வேடிக்கை பார்த்தப்போ எங்க பின்னாடியே வந்தது இவர்தான்! போலீஸைக் கூப்பிடு, வெர்னா," என்றார் டுவைட்.

எல்ராய் வெர்னாவின் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு வருஷமா சம்பளம் வாங்காம இங்க வரேன், மேடம். திருடன்னு பேரு வந்துட்டா நாளைக்கு இந்த வாசல்ல என்னை விட மாட்டாங்க. எனக்குப் போக வேற இடம் கிடையாது."

"டுவைட், வாயை மூடு. எல்லாரும் பையைக் காலி பண்ணுங்க."

எல்ராய் பையில் புதினா மிட்டாயும் மூக்குக்கண்ணாடியும். கோல்பி பையில் போனும் கார் சாவியும். டுவைட் பையில் பணப்பை, கைக்குட்டை. அவ்வளவுதான். "பாரு, நல்லாப் பாரு!" என்று பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார்.

வெர்னா அந்தக் காலிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டகையை விட்டு யாராவது வெளியே போனீங்களா?"

"இல்லம்மா. அப்பா மட்டும் வாசல்வரை போய்த் தண்ணி குடிச்சாரு."

வாசலில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளி. வெர்னா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டுவைட், காலைல எடுத்த சோடா மூடி எங்கே?"

"எந்த மூடி?"

"அட கடவுளே! கல்யாணமான நாள்லேர்ந்து உன் பையிலிருந்து ஆணியும் மிட்டாய்க் காகிதமும் எடுத்து மாளாம, ரெண்டு துவைக்கிற மெஷினைத் தலை முழுகியிருக்கேன். உன் பை காலியா இருந்து நான் பார்த்ததே இல்ல. இன்னைக்கு மட்டும் எப்படி?"

டுவைட் தன் காலிப் பையைக் குனிந்து பார்த்தார். எல்ராய்தான் மெதுவாகச் சொன்னார். "ஓடுபாதைல ஒரு சின்ன ஆணி கிடந்தாலும் இன்ஜின் உறிஞ்சிடும், மேடம். விமானமே போயிடும். அதனால கண்ணுல படறதை எல்லாம் பொறுக்கி அந்த மாதிரி மஞ்சள் வாளில போடுவோம். எங்களுக்கு மூச்சு விடற மாதிரி அது."

"நாம எல்லாரும் மின்னுற பொருளைத் தேடினோம்," என்றாள் வெர்னா. "விழுந்தது கசங்கின காகிதம். இந்த மனுஷன் கண்ணுக்குக் குப்பை. வாய் கதை பேசிட்டிருந்தது, கை பொறுக்கிருச்சு, தண்ணி குடிக்கப் போனப்போ பழைய பழக்கத்துல பையை வாளில கவுத்துட்டாரு. திருடன் நீதான், டுவைட். உனக்கே தெரியாது, அவ்வளவுதான்."

கோல்பி ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்தான். திருகாணிகள், மிட்டாய்க் காகிதங்கள், சோடா மூடி. அதன் அடியில் கசங்கிய டிஷ்யூ. பிரித்தான்; உள்ளே மோதிரம். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

டுவைட் தொப்பியைக் கழற்றினார். "நம்ம வேலை செஞ்ச ஆளையே திருடன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

எல்ராய் குனிந்தார். வாளியை நிமிர்த்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். "வாளி இருக்கிறது தெரிஞ்சும் எனக்குத் தோணலையே, அதான் வெட்கம்," என்றார் கடைசியில். "போங்க, பொண்ணு காத்திட்டிருக்கும்."

மாலை ஆறு மணி. பிஸ்பீ. மணமகளுக்கு முன்னால் ஒரு சிறுமி நடைபாதை முழுக்க ரோஜா இதழ்களைத் தூவிக்கொண்டே வந்தாள். தரையில் கிடந்த இதழ்களைக் கண்டதும் டுவைட்டின் தோள் லேசாக முன்னால் சாய்ந்தது. வெர்னா சட்டென்று அவர் வலது கையைப் பிடித்தாள். மோதிரம் மாற்றி, முத்தமிட்டு, எல்லோரும் கைதட்டி முடிக்கும்வரை அந்தப் பிடியை அவள் விடவே இல்லை.

"இந்த வயசுலயும் எவ்வளவு அன்பு பாருங்க!" என்று பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.